15,349 கிலோமீட்டர்… எத்தனை மணி நேரம்?

வாசகர் கேள்வி – பதில்

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் இடையே எங்கும் இறங்காமல் பறக்கும் விமானம்தான் இன்று அட்டவணைப்படி ஓடும் பயணிகள் விமானங்களில் மிக நீண்ட தூரம் போவது. அந்தத் தடத்தை வைத்து வந்த கேள்விகளையும், தொலைதூரப் பயணம் பற்றிய வேறு சில கேள்விகளையும் இந்த இதழில் சேர்த்திருக்கிறோம்.

சிங்கப்பூர் – நியூயார்க் தூரம் ஓரிடத்தில் 15,349 என்றும், இன்னோரிடத்தில் 9,537 என்றும், வேறோரிடத்தில் 8,288 என்றும் இருக்கிறது. எது சரி?
– காரைக்குடி வாசகர்

மூன்றுமே சரி. முதலாவது கிலோமீட்டர், இரண்டாவது சாதாரண மைல், மூன்றாவது கடல் மைல். ஒரு மைல் 1.609 கி.மீ.; ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. விமானிகளின் கணக்கு முழுக்கக் கடல் மைலில்தான் நடக்கும். 'மைல்' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த மைல் என்று பாருங்கள். மாற்றிப் படித்தால் இந்தத் தடத்தில் 2,000 கி.மீ.க்கு மேல் பிசகிவிடும். நியூயார்க்கின் இன்னொரு நிலையமான நூவர்க்குக்குத் தூரம் 15,344 கி.மீ. அதற்கும் இதற்கும் ஐந்தே கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

சுவரில் மாட்டிய உலகப் படத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் ஸ்கேல் வைத்து இணைத்தால் கோடு இந்தியப் பெருங்கடல், ஆப்பிரிக்கா, அட்லாண்டிக் வழியாகப் போகிறது. விமானங்களோ வடக்கே வளைந்து போகின்றன. சுற்றிக்கொண்டு போவது ஏன்?
– கும்பகோணம், பத்தாம் வகுப்பு மாணவி

சுற்றிக்கொண்டு போவது உங்கள் ஸ்கேல் கோடுதான். உருண்டையைத் தட்டையாக விரித்ததில் படம் அப்படி இழுபட்டுவிட்டது. பள்ளியில் ஓர் உலக உருண்டை இருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடலாம்.

30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் 1 செ.மீ. என்பது சுமார் 425 கி.மீ. தையல் நூலின் ஒரு முனையைச் சிங்கப்பூர்மீது கட்டைவிரலால் அழுத்திப் பிடியுங்கள். மறுமுனையை நியூயார்க்குக்குக் கொண்டுபோய்த் தொய்வில்லாமல் இழுங்கள். நூல் தானாகவே நழுவி நழுவி மேலே ஏறி, வட துருவத்தின் பக்கத்தில் போய் நிற்கும். அந்த இடத்தில் நூலுக்கும் துருவத்துக்கும் இடைவெளி ஒரு செ.மீ. கூட இருக்காது; நிஜத்தில் அது சுமார் 280 கி.மீ. இப்போது நூலை எடுத்து அளந்தால் 36 செ.மீ. வரும். 36-ஐ 425-ஆல் பெருக்கினால் 15,300.

அடுத்து, சுவர்ப் படத்தில் போட்ட நேர்கோடு எந்தெந்த ஊர் வழியாகப் போனதோ அதே ஊர்கள் வழியாக நூலை உருண்டையில் ஒட்டிக்கொண்டே போங்கள். 43 செ.மீ.க்கு மேல் நூல் தேவைப்படும். கிலோமீட்டரில் சுமார் 18,500. ஸ்கேல் கோட்டை நம்பினால் 3,000 கி.மீ.க்கு மேல் வீண்.

நூல் நழுவும்போது பலர் விரலால் பிடித்து 'நேராக' வைக்கப் பார்ப்பார்கள். அதைச் செய்யாதீர்கள், நூல் போகும் இடத்துக்கு விட்டுவிடுங்கள். இறுக்கிய நூல் படியும் அந்தப் பாதைக்குத்தான் பெருவட்டப் பாதை என்று பெயர்.

இரண்டு ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகை தெரிந்தால் தூரத்தை நாமே கணக்கிட முடியுமா?
– திண்டுக்கல் வாசகர்

சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று போதும்.

சாங்கி: 1.36 பாகை வடக்கு, 103.99 பாகை கிழக்கு. ஜே.எஃப்.கே.: 40.64 பாகை வடக்கு, 73.78 பாகை மேற்கு. முதலில் தீர்க்கரேகை வித்தியாசம். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் கூட்ட வேண்டும்: 177.77.

இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளையும் பெருக்குங்கள்: 0.0155 வரும். பிறகு இரண்டு அட்சரேகைகளின் கொசைன், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைன் ஆகிய மூன்றையும் பெருக்குங்கள்: மைனஸ் 0.7580. இரண்டையும் கூட்டினால் மைனஸ் 0.7425 அல்லது 0.7426. இதற்குத் தலைகீழ் கொசைன் போட்டால் 137.95 பாகை. ஒரு பாகை என்பது பூமியின் மேல் 111.2 கி.மீ. பெருக்கினால் 15,340 கி.மீ.

உண்மையான தூரம் 15,349. அந்த 9 கி.மீ. எங்கே போனது என்றால், பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. நம் கணக்கோ அதை முழு உருண்டையாக வைத்துக்கொண்டது. பயணத் திட்டத்துக்கு இந்தப் பிழை ஒரு பொருட்டே இல்லை.

விடை தப்பாக வந்தால் இரண்டு இடங்களைப் பாருங்கள். கால்குலேட்டர் டிகிரிக்குப் பதில் ரேடியனில் இருக்கலாம். அல்லது கிழக்கு – மேற்கைக் கூட்டுவதற்குப் பதில் கழித்திருக்கலாம். இங்கே கழித்திருந்தால் 30.21 வந்து, தூரம் வெறும் 5,300 கி.மீ. என்று காட்டும். அது சிங்கப்பூரிலிருந்து டோக்கியோ போகும் தூரம்! ஆகவே விடையை ஒருமுறை உருண்டையோடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகிறது என்கிறார்கள். 15,349-ஐ 900-ஆல் வகுத்தால் 17 மணி நேரம்தான். டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம் போட்டிருக்கிறதே?
– ஜொகூர் பாரு வாசகர்

முதலில், டிக்கெட் நேரம் என்பது பறக்கும் நேரம் அல்ல. விமானம் கேட்டிலிருந்து பின்னோக்கித் தள்ளப்படும் நொடியில் தொடங்கி, போய்ச் சேர்ந்த ஊரின் கேட்டில் நிற்கும் நொடி வரைக்குமான கணக்கு அது. விமானத் துறையில் 'பிளாக் டைம்' என்பார்கள். சாங்கியில் ஓடுபாதை வரை ஊர்ந்து போக ஒரு கால் மணி நேரம், ஜே.எஃப்.கே.யில் இறங்கியபின் கேட் காலியாகும் வரை காத்திருந்தால் அரை மணி நேரம்கூட ஆகும். இதெல்லாம் அதில் அடக்கம்.

அடுத்தது வேகம். அந்த 900 என்பது உயரே போன பிறகு கிடைக்கும் வேகம். இந்தத் தடத்தில் பறக்கும் ஏர்பஸ் ஏ350 ஒலி வேகத்தில் 0.85 மடங்கு, அதாவது மாக் 0.85-ஐ ஒட்டிப் பறக்கிறது. 35,000 அடியில் வெப்பநிலை மைனஸ் 54 டிகிரி இருந்தால் அது மணிக்குச் சுமார் 905 கி.மீ. குளிர் கூடக் கூட ஒலியின் வேகம் குறையும்; துருவப் பக்கம் மைனஸ் 65 வரை போனால் அதே மாக் 0.85 என்பது 885-ஆகச் சுருங்கிவிடும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் இதைவிடக் குறைவு.

மிச்சத்தைத் தீர்மானிப்பது காற்று. 905 என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகம். அந்தக் காற்றே எதிரில் 60 கி.மீ. வேகத்தில் வந்தால் தரையைப் பொறுத்த வேகம் 845-தான், 15,349 கி.மீ.க்கு 18 மணி 10 நிமிடம் ஆகிவிடும். சீட் முன்னால் உள்ள திரையில் காட்டும் 'கிரவுண்ட் ஸ்பீட்' இந்தத் தரை வேகம். அது ஒருநாள் 800, இன்னொரு நாள் 1,050 என்று காட்டினால் விமானி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார் என்று எண்ண வேண்டாம். மாறியது காற்று.

அட்டவணை போடுகிறவர்கள் பருவத்தின் காற்றையும் நெரிசலையும் பார்த்து கொஞ்சம் இடம் விட்டே நேரம் போடுவார்கள். அதனால்தான் பல நாள் விமானம் 'சீக்கிரம்' வந்துவிடுகிறது. 2018 அக்டோபர் 11 அன்று சிங்கப்பூரிலிருந்து நூவர்க்குக்கு ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நீண்ட தூரத்துக்கென்றே உள்ள ஏ350 வகை) விமானத்தின் முதல் பயணம் 17 மணி 52 நிமிடத்தில் முடிந்தது.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் மேற்கே போகும் விமானத்துக்கு ஊர் தானாகவே எதிரில் வந்து, சீக்கிரம் சேர வேண்டும். நடப்பதோ தலைகீழாக இருக்கிறதே?
– விருதுநகர் வாசகர்

சிங்கப்பூர் இருக்கும் நிலநடுக்கோட்டுப் பகுதியில் தரை மணிக்குச் சுமார் 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது. ஆனால் காற்றும் அதோடு சேர்ந்தே நகர்கிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அப்படியே. ஓடுகிற ரயில் பெட்டிக்குள் ஈ ஒன்று முன்னும் பின்னும் பறப்பதைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் அதற்கு ஒரே உழைப்புதான்.

வித்தியாசத்தைக் கொண்டுவருவது ஜெட் ஸ்ட்ரீம். 30,000 முதல் 40,000 அடி உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஆறு மாதிரி ஓடும் காற்று அது. குளிர்காலத்தில் மணிக்கு 200, 300 கி.மீ. வரை போகும். 2020 பிப்ரவரியில் கியாரா புயல் சமயத்தில் நியூயார்க்கிலிருந்து லண்டன் போன ஒரு போயிங் 747, அந்த ஆற்றில் மிதந்து 4 மணி 56 நிமிடத்தில் சேர்ந்தது. வழக்கமாக அது ஆறரை, ஏழு மணி நேரப் பயணம். தரை வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியபோதும் விமானம் ஒலி வேகத்தை மீறவில்லை. காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது.

நியூயார்க் போகும்போது ஜப்பான் பக்கமாகப் பசிபிக் கடலைத் தாண்டிப் போனது. திரும்பும்போது ஐரோப்பா வழியாக வந்தது. ஒரே தடத்துக்கு இரண்டு வழியா?
– சிங்கப்பூர், ஈசூன் வாசகி

இந்தத் தடத்தின் பேரழகே இதுதான். இரண்டு ஊர்களுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் கிட்டத்தட்ட 178 பாகை. அதாவது உருண்டையின் எதிரெதிர்ப் பக்கங்கள். அப்படி இருந்தால் கிழக்கே கிளம்பினாலும் மேற்கே கிளம்பினாலும் தூரத்தில் பெரிய மாற்றம் இல்லை. எனவே போகும்போதும் கிழக்கே போகலாம், வரும்போதும் கிழக்கே வரலாம்! பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். போக பசிபிக்கின் ஜெட் ஸ்ட்ரீம். வர அட்லாண்டிக்கின் ஜெட் ஸ்ட்ரீம். ஒருமுறை போய்த் திரும்பினால் நீங்கள் உலகத்தையே சுற்றி வந்துவிடுகிறீர்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். துருவத்தை ஒட்டிய குறுக்குவழி 15,349 கி.மீ.; காற்று இல்லை என்று வைத்தால் 905 வேகத்தில் 16 மணி 58 நிமிடம். பசிபிக் வழியாக 16,600 கி.மீ. என்றும், சராசரியாக 90 கி.மீ. பின்காற்று என்றும் வையுங்கள். தரை வேகம் 995; நேரம் 16 மணி 41 நிமிடம். 1,250 கி.மீ. அதிகம் பறந்தும் கால் மணி நேரம் மிச்சம், எரிபொருளும் மிச்சம். அதே பசிபிக் வழியில் திரும்பினால் 90 கி.மீ. எதிர்க்காற்று, 815 வேகத்தில் 20 மணி 22 நிமிடம் ஆகும். யார் அந்தப் பக்கம் திரும்புவார்கள்?

வழி முன்கூட்டியே நிலையாக முடிவாவது இல்லை. புறப்படுவதற்குச் சில மணி நேரத்துக்கு முன் அன்றைய காற்று, புயல், மூடியிருக்கும் வான்வெளி எல்லாவற்றையும் வைத்து ஃபிளைட் டிஸ்பாட்சர் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பாதை போடுகிறார். நேற்று உங்கள் தங்கை போன வழியில் இன்று நீங்கள் போவீர்கள் என்பதற்கு உறுதி இல்லை.

துருவத்தின் மேலேயே போனால் என்ன தடை?
– திருச்சி வாசகர்

போகலாம், போகிற விமானங்களும் உண்டு. ஆனால் நிபந்தனைகள் அதிகம். ஜெட் ஏ-1 எரிபொருள் மைனஸ் 47 டிகிரியில் உறையத் தொடங்கும். நியூயார்க்கில் நிரப்பும் ஜெட் ஏ வகைக்கு அது மைனஸ் 40-தான். பல மணி நேரம் கடுங்குளிரில் பறக்கும்போது இறக்கைக்குள் இருக்கும் எரிபொருளும் மெல்லக் குளிர்ந்துகொண்டே வரும். உறைநிலைக்கு 3 டிகிரி மேலே இருக்கும்போதே விமானி வேகத்தைக் கூட்டுவார் அல்லது கொஞ்சம் கீழே இறங்குவார். வேகம் கூடினால் காற்று உரசி இறக்கையின் மேற்பரப்பு சற்றே சூடாகும்.

இதைவிடப் பெரிய விஷயம், ஏதாவது ஆனால் இறங்க ஓடுபாதை. ஆர்க்டிக்கில் பெரிய விமானம் இறங்கி, 160 பேரைக் குளிரிலிருந்து காப்பாற்றக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணலாம். 2022 பிப்ரவரிக்குப் பிறகு பல நாட்டு விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளியும் மூடிக்கொண்டது. ஹெல்சின்கி – டோக்கியோ பயணம் 9 மணி நேரச் சொச்சத்திலிருந்து 13 மணி நேரம் வரை நீண்டது அதனால்தான்.

டிக்கெட்டில் திங்கள் இரவு 11.40-க்குப் புறப்பாடு, செவ்வாய் காலை 6.20-க்கு வருகை என்று இருக்கிறது. ஆறே முக்கால் மணி நேரத்தில் அமெரிக்காவா? திரும்பும்போது செவ்வாய் இரவு கிளம்பி வியாழன் காலை வருகிறது. புதன்கிழமை எங்கே?
– மதுரை வாசகி

டிக்கெட்டில் அச்சிடும் நேரம் எப்போதும் அந்தந்த ஊர் நேரம். இரண்டு ஊர் நேரங்களை நேரடியாகக் கழிக்கவே கூடாது. இரண்டையும் ஒரே கடிகாரத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கழியுங்கள்.

எல்லோருக்கும் எளிதான கடிகாரம் நம்முடையதுதான். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஆகவே திங்கள் இரவு 11.40 என்பது நமக்குத் திங்கள் இரவு 9.10. நியூயார்க் கோடையில் நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். செவ்வாய் காலை 6.20 என்பது நமக்குச் செவ்வாய் மாலை 3.50. இரவு 9.10-லிருந்து மறுநாள் மாலை 3.50 வரை எண்ணுங்கள்: 18 மணி 40 நிமிடம்.

திரும்பும்போது செவ்வாய் இரவு 10.30-க்குக் கிளம்பி வியாழன் காலை 5.10-க்கு வருவதாக வைத்தால், கடிகாரங்கள் 30 மணி 40 நிமிடம் காட்டும். அதில் சிங்கப்பூர் முன்னால் இருக்கும் 12 மணி நேரத்தைக் கழித்தால் அதே 18.40. புதன்கிழமை தொலையவில்லை, அதை முழுக்க விமானத்துக்குள்ளேயே கழித்துவிட்டீர்கள்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் அந்த வழக்கம் இல்லை. கோடையில் 12 மணி நேரமாக இருக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் 13 ஆகிவிடும். நமக்கும் நியூயார்க்குக்கும் பத்தரை. ஐரோப்பாவில் மாற்றும் நாட்கள் வேறு: மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். மார்ச்சிலும் நவம்பர் தொடக்கத்திலும் லண்டன் வழியாகப் போகிறவர்கள் பழைய டிக்கெட்டைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம். அழைத்துப்போக வரும் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் தப்பாகச் சொல்வது இந்த இடைப்பட்ட வாரங்களில்தான் அதிகம் நடக்கிறது.

15-ஆம் தேதி 00.40 என்று போட்டிருக்கிறது. எந்த இரவு போக வேண்டும்?
– சேலம் வாசகர்

14-ஆம் தேதி இரவு. சாப்பிட்டுவிட்டு 9 மணிக்கெல்லாம் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ஆம் தேதி இரவு போனால் விமானம் ஏறக்குறைய ஒரு நாளுக்கு முன்பே போயிருக்கும். நம் ஊர்களிலிருந்து வெளிநாடு போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டிக் கிளம்புவதால் இந்தத் தவறு குடும்பம் குடும்பமாக நடக்கிறது. டிக்கெட் வந்ததும் காலண்டரில் 14-ஆம் தேதிக் கட்டத்தில் 'இரவு 8 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்' என்று எழுதிவிடுங்கள். விமான நேரத்தை எழுதாதீர்கள், வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்தை எழுதுங்கள்.

இவ்வளவு பெரிய விமானத்தில் 161 சீட்தான், எகானமி வகுப்பே கிடையாது என்கிறார்களே?
– புதுச்சேரி வாசகர்

எடைதான் காரணம். ஏ350-900 யு.எல்.ஆர். 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். முதலில் வந்த சாதாரண ஏ350-900-ஐவிட 24,000 லிட்டர் அதிகம். இதற்காகத் தனியாக டேங்க் வைக்கவில்லை. இருக்கும் டேங்குகளுக்குள்ளேயே கூடுதலாக நிரப்பும்படி எரிபொருள் அமைப்பை மாற்றினார்கள். லிட்டருக்கு 0.8 கிலோ என்றால் 132 டன். புறப்படும்போது விமானத்தின் உச்ச எடை 280 டன். ஏறக்குறைய பாதி எரிபொருள்!

இதில் கசப்பான கணக்கு ஒன்று உண்டு. 17-ஆவது மணி நேரத்தில் எரிக்கப் போகும் எரிபொருளை முதல் 16 மணி நேரமும் சுமந்தாக வேண்டும். அதைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். அதனால்தான் புறப்பட்டதும் விமானத்தால் நேராக 41,000 அடிக்கு ஏற முடியாது. 31,000 அல்லது 33,000-இல் தொடங்கி, எரிபொருள் கரையக் கரையப் படிப்படியாக ஏறும். அப்படியே 300 பேரை ஏற்றினால் அவர்களுக்கும் லக்கேஜுக்கும் உணவுக்கும் தண்ணீருக்கும் ஆகும் எடைக்கு இடமில்லை. ஆகவே 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி.

இதே நூவர்க் தடத்தைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனத்தார் 2004 ஜூனில் நான்கு இன்ஜின் ஏ340-500 வைத்துத் தொடங்கினார்கள். பிற்பாடு 100 பிசினஸ் சீட் மட்டும் என்று மாற்றியும்கூட எரிபொருள் செலவு கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் நிறுத்தினார்கள். இரண்டு இன்ஜின் ஏ350 வந்த பிறகே ஐந்து வருடம் கழித்து மீண்டும் பறக்க முடிந்தது. ஜே.எஃப்.கே.க்குச் சேவை 2020 நவம்பரில் வந்தது.

சென்னையிலிருந்து நியூயார்க் போக வேண்டும். சிங்கப்பூரில் நேரடி விமானம் இருப்பதால் அந்த வழியாகப் போவது சீக்கிரமா?
– சென்னை, குரோம்பேட்டை வாசகர்

வேண்டாம். உலக உருண்டையில் நூலைப் பிடித்தால் உடனே தெரிந்துவிடும். சென்னை – நியூயார்க் நேர்த்தூரம் சுமார் 13,500 கி.மீ. இந்தத் தடத்தில் நேரடி விமானம் இல்லை. எங்காவது ஓரிடத்தில் மாற வேண்டும். மாறும் ஊர் நூலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

டெல்லி வழி: 1,760-உடன் 11,760, மொத்தம் 13,520. நூலின்மேலேயே இருக்கிறது. லண்டன் வழி: சுமார் 8,200-உடன் 5,550, மொத்தம் 13,750. துபாய் வழி: 2,930-உடன் 11,020, மொத்தம் 13,950. சிங்கப்பூர் வழி: 2,920-உடன் 15,349, மொத்தம் 18,270. துபாயைவிட 4,300 கி.மீ. அதிகம்.

நேரத்தில் பார்த்தால், துபாய் வழி பறக்கும் நேரம் நாலேகாலும் பதினாலுமாகப் பதினெட்டேகால் மணி நேரம். மாறுவதற்கு 3 மணி நேரம் வைத்தாலும் 21-ஐ ஒட்டி முடிந்துவிடும். சிங்கப்பூர் வழியில் காத்திருக்கும் நேரமே இல்லாமல் 23 மணி நேரம்.

டெல்லி கணக்கில் நம்பர் ஒன் போலத் தெரிந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து மேற்கே போகும் இந்திய விமானங்கள் அரபிக் கடல் பக்கம் இறங்கிச் சுற்ற வேண்டி வந்தது. அமெரிக்கா போகும் சில விமானங்கள் வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. முன்பதிவு செய்யும் நாளில் நிலவரம் என்ன, 'ஸ்டாப்' என்ற கட்டத்தில் 1 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதியவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் எங்கள் பரிந்துரை, ஒரே ஒரு மாற்றம் உள்ள, இரண்டரை முதல் நாலு மணி நேரம் காத்திருக்கும் டிக்கெட். ஐந்தாயிரம் ரூபாய் குறைகிறதே என்று இரண்டு இடத்தில் மாறும் டிக்கெட்டை அவர்களுக்கு எடுக்காதீர்கள்.

ஜே.எஃப்.கே.யில் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் பாஸ்டன் விமானம். போதுமா?
– நாகர்கோவில் வாசகர்

போதாது. அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடிக்க வேண்டும். பெட்டி பாஸ்டன் வரை டேக் போட்டிருந்தாலும் ஜே.எஃப்.கே.யில் பெல்ட்டிலிருந்து நீங்களே எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பிறகு டெர்மினல் மாறி, பாதுகாப்புச் சோதனை வரிசையில் மீண்டும் நிற்க வேண்டும். இமிக்ரேஷன் வரிசை மட்டுமே ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும் நாட்கள் உண்டு. மூன்று மணி நேரம் வையுங்கள்.

இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால், தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் இடம் தருவது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்திருந்தால் பணம் போனது போனதுதான்.

இன்னொன்று: விமான நிலையத்தின் பெயரைப் படியுங்கள். ஜே.எஃப்.கே.யில் இறங்கி நூவர்க்கில் ஏறும்படி டிக்கெட் கிடைக்கும். நேர்கோட்டில் அது 33 கி.மீ.தான், நகரத்தைத் தாண்டிச் சாலையில் போனால் கூட்ட நேரத்தில் 2 மணி நேரத்தையும் மீறும்.

அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை காலை 8, இரவு 8. நாள் முழுக்கப் பறக்கும்போது எந்த ஊர் நேரப்படி கொடுப்பது?
– தஞ்சாவூர் வாசகி

அவர் கைக்கடிகாரத்தைப் பயணம் முடியும்வரை நம் ஊர் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். அப்போது மாத்திரைக்கு இடையிலான 12 மணி நேரம் கண்முன்னே தெரியும். விமானத்தில் உணவு வரும் நேரம் இதோடு பொருந்தாது என்பதால், எந்த மாத்திரை சாப்பாட்டோடு மட்டும், எது நேரத்துக்கு என்று மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். இன்சுலின் என்றால் அளவையும் இறங்கியபின் நேரத்தை எப்படி மாற்றுவது என்பதையும் மருத்துவரே சொல்ல வேண்டும், ஊகித்துக் கொடுக்காதீர்கள். மருந்துகளும் மருந்துச் சீட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். இன்சுலினைப் பெட்டியில் போட்டால் சரக்கறைக் குளிரில் கெட்டுப்போகலாம்.

கிளம்பிய நாளுக்கு முந்தைய நாளே போய்ச் சேரும் விமானம் உண்டா?
– யாழ்ப்பாணம் வாசகர்

உண்டு. பசிபிக்கில் சமோவாவும் அமெரிக்கன் சமோவாவும் பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு. 2011 டிசம்பர் 30-ஐ அப்படியே விட்டுவிட்டு சமோவா கோட்டின் மறுபக்கத்துக்குத் தாவியது. இப்போது இரண்டுக்கும் 24 மணி நேர வித்தியாசம். சமோவாவின் அப்பியாவிலிருந்து சனிக்கிழமை காலை 10 மணிக்குச் சிறிய விமானத்தில் கிளம்பினால், அரை மணி நேரச் சொச்சத்தில் பாகோ பாகோவில் இறங்கலாம். அங்கே வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி ஆகியிருக்கும். தங்கும் அறையை வெள்ளிக்கிழமை இரவுக்கே பதிவு செய்துவிடுங்கள்.